கைப்பக்குவம் என்று சொல்லித் தப்பினோம்

யாழ்ப்பாணத்துச் சமையலில் சொதி வைக்கத் தெரியாத வீடும் உண்டா என்று கேட்டால், இன்று உண்டு என்றுதான் சொல்லவேண்டும். மஞ்சளாக ஏதோ ஒன்றை இடியப்பத்தின் மேல் ஊற்றுகிறோம். அதில் வெங்காயம் மிதக்கிறது, பச்சைமிளகாய் மிதக்கிறது. பக்கற்றிலிருந்து கொட்டிய தேங்காய்ப் பால்மா சுடுதண்ணீரில் கரைந்து நிற்கிறது. பெயர் சொதி. அதற்கு மேல் நாங்கள் விசாரிப்பதில்லை.

காரணம் கேட்டால் தேங்காய் விலையைக் காட்டுவோம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் இலங்கையில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டி விற்றது. பாளை விரிந்து காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும் மரம் தென்னை. அதற்கு உரம் போடாமல் விட்டதும் தண்ணீர் காட்டாமல் விட்டதும் உடனே தெரியாது, பிந்தித்தான் தெரியும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியதையும், வெண் ஈ வந்து ஓலைகளில் கரிப்பூஞ்சை படர்ந்ததையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். ஆனால் பக்கற் எங்கள் குசினிக்குள் வந்தது தேங்காய் மலிவாகக் கிடந்த காலத்தில். ஏற்கெனவே செய்துகொண்டிருந்த காரியத்துக்கு விலையேற்றம் ஒரு சாட்டாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

நேரமில்லை என்பது அடுத்த சாட்டு. 1990இல் போரோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. அதன்பின் வருடக்கணக்காக வரவில்லை. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் தடை செய்யப்பட்ட பொருட்கள். வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. வளவில் நின்ற தென்னைகள் குற்றிகளாகிப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. பிறகு வந்த சண்டைகளில் பளைப் பக்கத்துத் தென்னந்தோட்டங்கள் தலை போன மரங்களாக நின்றதை ஏ9 வீதியால் போனவர்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட காலத்திலும் ஒருவர் துருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவ, இன்னொருவர் பால் பிழிய, விறகடுப்பில் சொதி கொதித்தது. இன்று கிரைண்டர் இருக்கிறது, காஸ் அடுப்பு இருக்கிறது, நேரம் மட்டும் இல்லையாம்.

கைவிட்டுப்போனது பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஒரு வரிசை. தேங்காய்ப்பூவில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பிழிவது முதற்பால். அதே பூவில் இன்னும் தண்ணீர் விட்டுப் பிழிவது இரண்டாம் பால். கடைசியாக வருவது கப்பிப்பால். முதலில் விடும் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கவேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். குளிர்ந்த தண்ணீரை விட்டால் கொழுப்பு பூவிலேயே இறுகி நின்றுவிடும். ரொறன்ரோவில் தை மாதத்துக் குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டுப் பிழிந்துவிட்டு, இங்கத்தைத் தேங்காய் சரியில்லை என்று நாங்கள் சொன்னதுண்டு.

கத்தரிக்காயோ பூசணியோ முருங்கைக்காயோ, மீனோ, வேகவேண்டியது இரண்டாம் பாலிலும் கப்பிப்பாலிலும். முதற்பால் இறக்குகிற நேரத்தில்தான் சட்டிக்குள் வரும். ஏன் அப்படி? பாலிலுள்ள புரதம்தான் கொழுப்புத் துளிகளைச் சேரவிடாமல் பிரித்து வைத்திருக்கிறது. சூடு 80 பாகையை ஒட்டி ஏறும்போது அந்தப் புரதம் இறுகத் தொடங்கும், எண்ணெய் தனியே பிரியும், பால் திரைந்துவிடும். அதனால்தான் முதற்பால் விட்டபிறகு அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நிற்பார்கள். ஒரு கொதி எழும்பும்போதே இறக்கிவிடுவார்கள். சூடும் புளியும் ஒன்றாகச் சேர்ந்தால் இன்னும் கெதியாகத் திரையும். ஆகவே தேசிக்காய் அடுப்பை விட்டு இறங்கிய பிறகு. இறைச்சிக் கறியில் இதற்கு நேர்மாறு: பால் நன்றாக வற்றி எண்ணெய் மிதக்கவேண்டும். எங்கே பிரியக்கூடாது, எங்கே பிரியவேண்டும் என்பது வரைக்கும் கணக்கு இருந்தது.

இந்தக் கணக்கு அம்மாமாருக்குத் தெரிந்திருந்தது. புரதம், பாகை என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஒழுங்கு தெரியும். நாங்கள் அதற்குக் கைப்பக்குவம் என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்ததும் படிக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. கையோடு பிறந்த ஒன்றை யார் போய்க் கற்பது? எங்கள் அம்மாவின் கைராசி வராது என்று வாயாரப் புகழ்ந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினோம். எந்தப் பால் எந்த நேரத்தில் என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது நாங்கள் எழுதும் சமையற்குறிப்புகளைப் பாருங்கள், எடுக்கும் வீடியோக்களைப் பாருங்கள்: ‘தேங்காய்ப் பால் 1 கப்’. முதற்பாலா, இரண்டாம் பாலா? எழுதியவருக்கும் தெரியாது, பார்ப்பவரும் கேட்கமாட்டார்.

ரின்னையும் பக்கற்றையும் திட்டுவது சுலபம். ஆனால் பிழை அவற்றில் இல்லை. சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் 2003 தரநிலைப்படி 10 வீதம் கொழுப்பு இருந்தாலே தேங்காய்ப் பால் என்று விற்கலாம், 20 வீதம் இருந்தால் கிரீம், 5 வீதத்துக்கு லைட். ரின்னின் முதுகைத் திருப்பி வாசித்தால் கையில் இருப்பது எந்தப் பாலுக்குக் கிட்ட என்று விளங்கிவிடும். கெட்டிப்பசை சேர்க்காத ரின் என்றால் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் போதும்: மேலே கட்டியாக நிற்பதை முதற்பாலாக எடுக்கலாம், கீழே நிற்கும் தண்ணீரை இரண்டாம் பாலாக விடலாம். தமிழ்க்கடைகளில் உறையவைத்த தேங்காய்ப்பூவும் இருக்கிறது. வரிசை தெரிந்த கைக்கு ரின்னும் வசப்படும். நாங்கள் செய்தது ரின்னை உடைத்து, முழுவதையும் தொடக்கத்திலேயே சட்டிக்குள் கவிழ்த்தது. பசையும் நிலைப்படுத்தியும் சேர்த்த பால் எவ்வளவு கொதித்தாலும் லேசில் திரையாது. திரையாத பாலுக்குப் பக்கத்தில் யார் நிற்பார்? அடுப்பைக் கூட்டிவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விட்டோம். அதே பாலில் இறைச்சிக் கறி வைத்தால் எண்ணெய் மிதக்காது. மிதக்கவில்லையே என்று போத்தலிலிருந்து இன்னும் எண்ணெய் விட்டோம்.

கொலஸ்திரோல் கதை இதைவிடச் சிரிப்பு. தேங்காய்ப் பாலில் கொலஸ்திரோல் கிடையாது. ஆனால் அதிலுள்ள கொழுப்பில் ஏறக்குறைய 90 வீதம் நிறைகொழுப்பு. “அம்மா, பாலைக் கொஞ்சம் குறையுங்கோ” என்று டொக்டர் சொன்னதில் பிழை இல்லை. குறைப்பதற்கு வழியும் வீட்டிலேயே இருந்தது: முதற்பாலை விட்டுவிட்டு இரண்டாம் பாலோடு கறியை இறக்கலாம். நாங்களோ குறை என்றதை நிறுத்து என்று கேட்டுக்கொண்டு, கத்தரிக்காய்க்கும் சொதிக்கும் பசும்பாலை விட்டோம். மட்டன் ரோல்ஸை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

ஆண்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பெண்பிள்ளைகளையாவது அடுப்படியில் நின்று பார் என்றார்கள். ஆண்பிள்ளைகளுக்கு அதிகம் போனால் தேங்காய் உரிக்கிற வேலை. பிறகு எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்தப் பொடியன்கள்தான் பாரிசிலும் சூரிச்சிலும் லண்டனிலும் ஓர் அறையில் பலராக இருந்து முறை வைத்துச் சமைத்தார்கள். பகலில் உணவகங்களில் கோப்பை கழுவி, இரவில் ரின் பாலில் மீன் சொதி வைத்தார்கள். கடிதத்தில் செய்முறை கேட்டால், “அளவாய்ப் பால் விட்டு இறக்கு மோனே” என்று பதில் வரும். அளவு என்றால் எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் கேட்கலாம். கேட்பதற்குள் விசாப் பிரச்சினை, சீட்டுக் காசு, தங்கச்சியின் கலியாணம் என்று கடிதம் வேறு விஷயத்துக்குப் போய்விடும். தட்டித் தடுமாறித்தான் பழகினோம். இப்போது எங்களில் பலர் நன்றாகவே சமைக்கிறோம். பிள்ளைகள் வந்து நின்று எவ்வளவு பால் என்று கேட்டால் கண்ணளவு என்கிறோம். எங்களுக்கு வந்த அதே பதில்.

கண்ணளவை அளந்தால் இப்படி வருகிறது. நாலு பேருக்கு அரைத் தேங்காய். முதற்பாலுக்கு அரைக் கப் இளஞ்சூட்டுத் தண்ணீர், இரண்டாம் பாலுக்கு ஒன்றரைக் கப். இரண்டாம் பாலில் 8 சின்ன வெங்காயம், கீறிய 4 பச்சைமிளகாய், ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள், உப்பு, அரைத் தேக்கரண்டி வெந்தயம் போட்டு வெங்காயம் அவியும்வரை கொதிக்கவிடவேண்டும். தணலைக் குறைத்து முதற்பாலை விட்டு, ஆற்றிக்கொண்டே நின்று, ஓரத்தில் நுரை எழும்பும்போது இறக்கவேண்டும். தேசிக்காய் பாதி, இறக்கிய பிறகு. வெந்தயம் அரைத் தேக்கரண்டிக்கு மேலே போகக்கூடாது, கைக்கும்.