சமையற்காரனின் கணக்கு

ஆச்சி என் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவனுக்கு வைத்தது தாத்தா பேர். புருஷன் பேரை எப்படி வாயால் சொல்வது? அம்மாவுக்கோ அது மாமனார் பேர். ஆகப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒரு பேரும் வீட்டில் 'பெரியவரு' என்ற பட்டமுமாக அவன் வளர்ந்தான். மூன்று வயதில் பழைய சோற்றுக்குக் கருவாடு கேட்டு அடம் பிடித்தபோது ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவுகதான், வேற யாரு" என்றாள். பெயரன்தான் பேரன் ஆனான் என்பார்கள். எங்கள் தெருவில் பேரோடு ஆளும் சேர்ந்தே வந்துவிடுவார்.

சாத்திரம் படித்தவர்கள் பேசும் மறுபிறப்பு வேறு. அவர்களுக்குப் பிறவி தீர்க்க வேண்டிய நோய். காரைக்காலம்மையார் இறைவனிடம் கேட்டது பிறவாமை என்கிறது பெரியபுராணம். ஆன்மா என்று ஒன்றில்லை என்று சொன்ன பௌத்தமும் பிறவிச் சுழலை விட்டுவிடவில்லை. ஆச்சியும் மார்கழியில் பிறவி வேண்டாம் என்று பாடுவாள். அமாவாசையன்று கூரையில் சோறு வைத்துத் தாத்தாவைக் கூப்பிடுவாள். திண்ணையில் தம்பியாக, கூரையில் காக்கையாக, கேட்டால் சிவலோகத்திலும் என்று ஒரே மனுஷர் மூன்று இடத்தில் இருப்பதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. நமக்கும் அதில் சண்டையில்லை. செத்தவரை வீட்டுக்குள் திரும்ப அழைத்துவரும் பிரியத்தைப் பகுத்தறிவு பேசிக் கெடுக்க இந்தப் பத்திரிகைக்கு ஆசை கிடையாது.

நம் சண்டை அடுத்த வீட்டு வாசலில் தொடங்குகிறது. அந்த வீட்டுப் பையனுக்குக் கழுத்து நிற்காது. அவன் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, வாயோரம் வழிவதை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆச்சி இரக்கப்பட்டுத்தான் சொன்னாள்: "எந்தச் சென்மத்துக் கணக்கோ தாயி, தீத்துத்தான ஆவணும்." துடைத்த கை நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி துடைத்தது. வலி கண்டு ஒரு பகலும் ஒரு இரவும் அவளைக் காக்க வைத்திருந்தார்கள். பிள்ளை பிறந்தும் வெகுநேரம் அழவில்லை. யார் காக்க வைத்தது, எதற்காக என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. முன்பிறவி வந்து அந்த ஒரு இரவை மூடிவிட்டது.

நம் காப்பியங்களில் இந்தக் கணக்கு இப்படி ஓடவில்லை. மணிமேகலையில் உதயகுமாரன் சோழ இளவரசன். காஞ்சனன் என்ற விஞ்சையன் வாளுக்கு இரையாகிறான். ஏன் அப்படிச் செத்தான் என்பதற்குத் தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை காரணம் சொல்கிறது. முற்பிறவியில் அவன் இராகுலன். முனிவருக்கு விருந்து நடந்த வேளையில் கால் இடறி விழுந்து பாத்திரத்தைப் போட்டுவிட்ட மடைத்தொழிலாளியை வெட்டிக் கொன்றவன். இடறி விழுந்ததற்கு மரண தண்டனை. அந்தச் சமையற்காரனுக்குக் காப்பியத்தில் பேர்கூடக் கிடையாது. சாத்தனார் அவன் கணக்கை மறக்காமல் வைத்திருந்து இளவரசன் தலையில் தீர்க்கிறார். நம் தெருவில் வினைக்கணக்குக்கு இளவரசர்களைக் கண்டால் ஆகாது. ஊனமுற்ற பிள்ளை, தாலி அறுத்தவள், மலக்குழிக்குள் இறங்குகிறவன் என்று பார்த்துத்தான் வருகிறது. அப்படி இறக்குவதைத் தடுக்க 2013-இல் சட்டம் போட்ட பிறகும் குழிச்சாவு நிற்கவில்லை. சாகிறவர்களின் சாதியும் மாறவில்லை. விதி முடிந்தது என்று சொல்ல ஆள் இருக்கிறது, இறக்கிவிட்டவன் யாரென்று கேட்கத்தான் இல்லை.

சிலம்பு? அங்கே கோவலனே முற்பிறவியில் கலிங்கத்துச் சிங்கபுரத்துப் பரதன். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தவன். பாண்டியன் பிழையை மழுப்ப இது உதவுகிறது என்று யாரும் சொன்னால் மறுக்கமாட்டோம். ஆனால் மதுராபதித் தெய்வம் இந்தக் கதையைச் சொல்ல வரும் இடத்தைக் கவனிக்க வேண்டும். கட்டுரை காதை. அதற்குள் வழக்குரைத்தாயிற்று, அரசன் விழுந்தாயிற்று, ஊரில் தீ வைத்தாயிற்று. அப்போதும் கண்ணகியின் முகத்துக்கு நேரே வராமல் பின்பக்கமாக வந்து நின்றுதான் தெய்வம் பேசுகிறது. இளங்கோ அதை மூன்று காதை முன்னால் அனுப்பி, 'அம்மா, இது போன பிறவிக் கணக்கு, வீட்டுக்குப் போ' என்று சொல்ல வைத்திருந்தால் நமக்குச் சிலப்பதிகாரமே இருந்திருக்காது.

அம்பேத்கர் 1956 டிசம்பரில் மறைந்தார். அவருடைய 'புத்தரும் அவர் தம்மமும்' அடுத்த ஆண்டு வெளிவந்தது. முற்பிறவி வினையால்தான் இப்பிறவி நிலை என்ற கொள்கையால் விளையக்கூடிய ஒரே பயன், ஏழை எளியவர் நிலைக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்காமல் தப்பிப்பதுதான் என்று அதில் எழுதியிருக்கிறார். புத்தரை வணங்கியவர், புத்தர் பேரால் வழங்கிய ஒன்றையே இப்படி நிறுத்திக் கேட்டார். அவர் பேசியது அரசைப் பற்றி. வாசற்படியில் நாம் இரக்கத்தோடு சொல்லும் ஒரு வரியும் அதே வேலையைத்தான் செய்கிறது. சொல்கிறவர் நல்லவராகவும் இருந்துவிடுவதுதான் தொந்தரவு.

கடைசி வருஷம் ஆச்சி முற்றத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதம் படுக்கை. வயசாகி எலும்பு தேய்ந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர், தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம். எந்தச் சென்மத்துக் கணக்கு என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாயங்காலமானால் அடுத்த வீட்டுக்காரி வருவாள். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, குதிகாலில் தொடங்கி மேல்நோக்கி, நோகாமல் நீவிவிடுவாள். எங்களில் யாருக்கும் அந்தப் பக்குவம் வரவில்லை. மகன் காலை நீவி நீவிப் பழகிய கை அது. ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள்.