ஆணா, பெண்ணா... டிக் அடிக்கிறது யாரு?

29சி-யில தொங்கிட்டுப் போற மக்களே, ஒரு நாள் கண்டக்டர் கையில இருக்கிற டிக்கெட்டைக் கவனிச்சுப் பாருங்க. 2021-ல சாதாரண பஸ்ல பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தப்போ, கொஞ்ச நாள்லயே திருநங்கைகளுக்கும் சேர்த்து அறிவிச்சாங்க. அடையாறு டெப்போவுக்கும் மயிலாப்பூர் டேங்க்குக்கும் நடுவுல, உங்க பக்கத்து சீட்ல உட்கார்ந்திருக்கவங்க யாருன்னு அரசாங்கம் ஒரு துண்டுக் காகிதத்துல ஒத்துக்கிட்ட மாதிரி!

ஆனா, இந்த 'ஒத்துக்கிறது' அவ்வளவு சுலபமா நடக்கலை பாஸ்.

அரசியல் சட்டத்தோட 15-வது பிரிவு என்ன சொல்லுது? மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம்... இதையெல்லாம் காரணம் காட்டி அரசு யாரையும் ஒதுக்கக் கூடாது. இதுல 'பால்'னா என்ன? பிறந்தப்போ ஆஸ்பத்திரியில எழுதினதா, இல்ல நாம நம்மை என்னவா உணர்றோமோ அதுவா? 2014 ஏப்ரல் 15-ம் தேதி சுப்ரீம் கோர்ட் (நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், ஏ.கே.சிக்ரி) பதில் சொல்லுச்சு. பாலின அடையாளமும் அந்த ஒரு வார்த்தைக்குள்ள அடக்கம். நான் யாருன்னு நான்தான் சொல்லணும். ஆபரேஷன் பண்ணிட்டு வான்னு வற்புறுத்துறது சட்டவிரோதம்.

சரியா ரெண்டே நாள்தான். ஏப்ரல் 17. நம்ம சென்னை ஹைகோர்ட்ல ஒரு பெண் போலீஸோட கேஸ். பெண்ணாவே பிறந்து, பெண்ணாவே வளர்ந்து, வேலைக்கும் தேர்வானவங்க. மெடிக்கல் டெஸ்ட் ரிப்போர்ட் 'திருநங்கை'ன்னு சொல்லிடுச்சுன்னு வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. "தன்னைப் பெண்ணுன்னு சொல்ற உரிமை அவங்களுக்கு இருக்கு, வேலையைத் திருப்பிக் கொடுங்க"ன்னார் நீதிபதி எஸ்.நாகமுத்து. கவனிங்க, இவங்க எந்த மாற்றத்தையும் கேட்டு வரலை. லேப் ரிப்போர்ட் ஒரு மனுஷியோட மொத்த வாழ்க்கையையும் அழிச்சு எழுதப் பார்த்துச்சு. நாளைக்கு யாருக்கு வேணும்னாலும் நடக்கலாமே!

அடுத்தது நமக்கெல்லாம் தெரிஞ்ச பெயர். சேலத்துப் பொண்ணு பிரித்திகா யாஷினி. எஸ்.ஐ. வேலைக்கு அப்ளை பண்ணினா, ஃபாரத்துல ரெண்டே கட்டம்... ஆண், பெண். விண்ணப்பம் ரிஜெக்ட். எழுத்துத் தேர்வு எழுதவே கோர்ட் ஆர்டர் வேண்டியிருந்துச்சு. 100 மீட்டர் ஓட்டத்துல ஒரு விநாடி சொச்சம் லேட்னு சொல்லி அப்புறமும் இழுத்தடிச்சாங்க. 2015 நவம்பர்ல, தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு அவங்களுக்கு வேலை கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு எழுதினாங்க. 2017-ல தருமபுரியில காக்கிச் சட்டையோட டூட்டி! ஒரு கட்டம் இல்லாததுக்கு இத்தனை வருஷப் போராட்டம்.

2019 ஏப்ரல்ல மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் இன்னும் ஒரு படி மேலே போனார். இந்து திருமணச் சட்டத்துல இருக்கிற 'மணமகள்' திருநங்கையையும் குறிக்கும்னார். அதே தீர்ப்புல, ஊடுபால் குழந்தைகளுக்கு 'சரி பண்றேன்'னு ஆபரேஷன் செய்றதையும் நிறுத்தச் சொன்னார். எனக்கு இந்த ரெண்டாவது பகுதிதான் பெரிய விஷயம். கல்யாணம் பேப்பர்ல வந்துடும். பேசத் தெரியாத குழந்தைக்கு யார் பேசுவா?

வெளிநாட்டுலயும் இதே வார்த்தைக்குத்தான் சண்டை. 1964-ம் வருஷச் சட்டத்துல இருக்கிற 'பால்'ங்கிற ஒத்தை வார்த்தையை வெச்சே, திருநர்னு ஒருத்தரை வேலையை விட்டு நீக்கினா தப்புன்னு 2020-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. 2025 ஏப்ரல்ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் நேர் எதிரா, அவங்க 2010 சமத்துவச் சட்டத்துல அந்த வார்த்தை உடல்ரீதியான பாலை மட்டும்தான் குறிக்கும்னு தீர்ப்பளிச்சுது. திருநருக்கு அதே சட்டத்துல தனிப் பாதுகாப்பு இருக்குன்னும் சேர்த்தே சொல்லுச்சு.

நம்ம பார்லிமென்ட் 2019-ல போட்ட திருநர் சட்டம் இருக்கே, அது தனிக் கூத்து! அன்னிக்கு எழுதினப்போ 'உன் அடையாளத்தை நீயே உணரலாம்'னு ஒரு பிரிவு வெச்சாங்க. அடுத்த பிரிவுலயே 'கலெக்டர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கிட்டு வா'. நானே சொல்லலாம்னா, சர்டிஃபிகேட் எதுக்கு சார்? தண்டனையைப் பாருங்க. திருநங்கை மேல பாலியல் கொடுமை நடந்தா 6 மாசத்துலேர்ந்து 2 வருஷம் வரைன்னு எழுதினாங்க. அப்போ பெண்ணைப் பலாத்காரம் பண்ணினா குறைஞ்சது 10 வருஷம். 'பெண்'ங்கிற வார்த்தைக்குள்ள யாரு, வெளியில யாருங்கிறது வெறும் டிக்‌ஷனரி சண்டை இல்லைன்னு இப்போ புரியுதா?

2018 ஜூன்ல சத்யஸ்ரீ ஷர்மிளா தமிழ்நாடு பார் கவுன்சில்ல பதிவு பண்ணி, நாட்டோட முதல் திருநங்கை வக்கீல் ஆனாங்க. பசுமைவழிச் சாலை சட்டப் பல்கலைக்கழகப் பக்கம் டீ குடிக்கிற ஜூனியர் வக்கீல்களே, அடுத்த கேஸ் உங்ககிட்டதான் வரப்போகுது. மத்தவங்க, உங்க காலேஜ் அட்மிஷன் ஃபாரத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. மூணாவது கட்டம் இருக்கா? இருந்தா, அதுல டிக் அடிக்கிறவங்களுக்கு எந்த ஹாஸ்டல்ல ரூம், எந்த மாடியில டாய்லெட்? ஆபீஸ்ல போய்க் கேட்டுட்டு வந்து எனக்கு எழுதுங்க.