மண்ணுக்குள் செல்வம் இருந்தால் போதுமா?

காஞ்சிபுரத்தில் இருந்து பெங்களூர் சாலையில் மேற்கே போனால் தாமல் வரும். பெரிய ஏரி, பழைய கோயில்கள், நெல் வயல்கள். இரும்புச் சுரங்கமோ நிலக்கரிச் சுரங்கமோ கிடையாது. பக்கத்தில் உள்ள காஞ்சிபுரமும் அப்படித்தான். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்தில் இருந்து வருகிறது. சரிகைக்குப் பேர் போனது சூரத். ஊருக்குச் சொந்தமானது தறியும் கைத்திறனும் மட்டுமே!

இப்போது ஜார்க்கண்டைப் பாருங்கள். நிலக்கரி, இரும்புத் தாது, தாமிரம், யுரேனியம் என எல்லாம் ஒரே மாநிலத்தில் இருக்கின்றன. ஆனால் நிதி ஆயோக் 2023ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி அங்கே 28.81 சதவீதம் பேர் ஏழைகள். தமிழ்நாட்டில் 2.20 சதவீதம். ஏன் இந்த வித்தியாசம்?

"அங்கே தொழிற்சாலை வரவில்லை" என்று சொல்ல முடியாது. ஜாம்ஷெட்பூரில் 1912லேயே எஃகு உற்பத்தி தொடங்கிவிட்டது. பிறகு பொகாரோவில் எஃகு ஆலை, ராஞ்சியில் கனரக இயந்திரத் தொழிற்சாலை என்று அரசே கட்டியது. ஆனால் இவையெல்லாம் முதலை அதிகம் கேட்கும், ஆட்களைக் குறைவாகக் கேட்கும் தொழில்கள். நிலத்தைக் கொடுத்த ஆதிவாசிகளில் பலரிடம் அந்த வேலைக்கான படிப்பு இல்லை. நிலமும் போனது, வேலையும் கிடைக்கவில்லை.

மத்திய அரசின் கொள்கையும் சேர்ந்துகொண்டது. 1952 முதல் 1990களின் தொடக்கம் வரை, எஃகு நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கும்படி ரயில் கட்டணம் சமன் செய்யப்பட்டது. சுரங்கத்தின் பக்கத்தில் பட்டறை வைப்பதால் இருந்த லாபம் அதோடு போயிற்று. கடலோர மாநிலங்கள் பயனடைந்தன. தமிழ்நாடும் அதில் ஒன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் மலிவான எஃகு மட்டுமே தமிழ்நாட்டை வளர்த்துவிடவில்லை. 1956ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு வந்தது. 1958ல் கிண்டி தொழிற்பேட்டை வந்தது. 1971ல் சிப்காட் தொடங்கப்பட்டது. 1996ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையைத் தேடி வந்தபோது ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்தவர்களும் உதிரி பாகம் செய்யும் சிறு கம்பெனிகளும் ஏற்கனவே இருந்தன.

உலக அளவிலும் இதே பாடம்தான். போட்ஸ்வானா 1966ல் சுதந்திரம் அடைந்தபோது மிக ஏழ்மையான நாடுகளில் ஒன்று. அடுத்த ஆண்டே வைரம் கிடைத்தது. சுரங்கக் கம்பெனியில் அரசு பாதிப் பங்கு வாங்கி, வந்த பணத்தைப் பள்ளிகளிலும் சாலைகளிலும் போட்டது. நாடு முன்னேறியது. ஆனாலும் உலகின் பெரும்பாலான வைரங்களைப் பட்டை தீட்டுவது வைரச் சுரங்கமே இல்லாத சூரத்! அதனால் அந்த வேலைகளும் அங்கேதான். போட்ஸ்வானாவிலோ இன்னும் வேலையின்மை அதிகம்.

அதற்காகத் தமிழ்நாடு மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. கடையில் பட்டுச் சேலை விற்கும் விலைக்கும் நெய்தவர் கையில் வாங்கும் கூலிக்கும் உள்ள தூரம் காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். நெசவாளியின் பிள்ளை தறியை விட்டு கம்பெனி பஸ் ஏறுவது அதனால்தான். அங்கேயும் பலருக்கு ஒப்பந்த வேலையே. ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014ல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலை இழந்தார்கள். தொழில் வந்தால் மட்டும் போதாது, அதில் உழைப்பவருக்கு நிலையான பங்கும் வேண்டும்.

ஆக, வறுமையைக் குறைப்பது மூன்று விஷயங்கள்: உள்ளூர் மக்களின் படிப்பு, மூலப்பொருளை உள்ளூரிலேயே பொருளாக மாற்றும் சிறு தொழில்கள், வருமானத்தில் நியாயமான பங்கு. 2015ல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டப்படி, சுரங்கக் கம்பெனிகள் ராயல்டியோடு கூடுதலாக ஒரு தொகையை மாவட்ட கனிம அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணம் கட்டடங்களாகவே முடிந்துவிடாமல் ஆசிரியர்களுக்கும் தொழிற்பயிற்சிக்கும் போகட்டும். ஏனென்றால் நிலக்கரி ஒரு நாள் தீர்ந்துவிடும். தொழில் கற்ற கை அடுத்த தலைமுறைக்கும் சோறு போடும்.