மலையின் குரல் யாருடையது?

குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலைவளம் கூறுவதைப் படித்துச் சொக்காத தமிழ் வாசகர் அரிது. ஆயினும் அந்தச் சொற்கள் குறத்தியுடையவை அல்ல. தென்காசியை அடுத்த மேலகரத்தின் திரிகூடராசப்பக் கவிராயருடையவை. அதில் குற்றமில்லை. கற்பனைக்கு அந்த உரிமை உண்டு. ஆய்வுக்கும் அந்த உரிமை உண்டா என்பதே என் கேள்வி.

குற்றாலம், வாசுதேவநல்லூர்ப் பகுதி மலையடிவாரங்களில் பளியர் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1960களில் அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர் தமிழகத்துப் பளியரிடையே தங்கி ஆராய்ந்தார். பளியர் எப்போதும் குறைவாகவே பேசுவர், நாற்பது வயதளவில் ஏறக்குறைய மௌனமாகிவிடுவர் என்று 1966இல் எழுதினார். மொழியியலாளர் டெல் ஹைம்ஸ் அதை எடுத்தாண்டார். பேச்சுக்கு எல்லாச் சமூகங்களும் ஒரே மதிப்பைத் தருவதில்லை என்பதற்குப் பளியர் ஓர் உதாரணமாகிப் போனார்கள்.

கார்ட்னரைப் பழிப்பது என் நோக்கமன்று. அந்த மௌனத்தை அவர் குறையாகப் பார்க்கவில்லை; பிறர்மேல் ஆதிக்கம் செலுத்தாத வாழ்முறையோடு சேர்த்தே பார்த்தார். ஆனால் அது பளியரின் இயல்பா, குறிப்பேட்டோடு எதிரில் அமர்ந்த அந்நியரிடம் காட்டிய எச்சரிக்கையா? இதற்குப் பதில் சொல்லத் தகுதியுள்ளவர்கள் அந்த விவாதத்திற்கு அழைக்கப்படவே இல்லை.

ஹ்மாங் மக்களின் கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தென்சீனத்திலும் லாவோஸிலும் வாழ்ந்த அம்மலைமக்களை அயலார் ‘மியாவ்’, ‘மேயோ’ என்றே எழுதிவந்தனர். 1972இல் பிரான்சில் முனைவர் பட்டம் பெற்ற யாங் தாவ் போன்ற அவ்வினத்து அறிஞர்கள் விவாதத்துக்குள் நுழைந்தபின், ‘ஹ்மாங்’ என்னும் அவர்களது சொந்தப் பெயரே ஆய்வுலகில் நிலைபெற்றது. 1996 முதல் அத்துறைக்கெனத் தனி ஆய்விதழும் உண்டு. ஒப்பீடு முழுதும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் பல லட்சம் பேர். 1975க்குப் பின் அகதிகளாகப் புலம்பெயர்ந்த பெருந்துயரமே பலருக்குக் கல்வியின் வாசலாயிற்று. ஒரு மக்களின் குரல் கேட்கப்பட அத்தகைய விலையைக் கேட்பதும் நியாயமல்ல.

நம் பக்கம் பெயர்க் குழப்பமே இன்னும் தீரவில்லை. தமிழகப் பழங்குடிப் பட்டியலில் பளியர் என்பதை ஒத்த மூன்று பெயர்கள் தனித்தனி இனங்களாக நிற்கின்றன. காணிக்காரர் நிலை இதைவிட விசித்திரமானது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டுமே அவர்கள் பழங்குடியினராக ஏற்கப்பட்டிருந்தனர். இரண்டும் முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. அதே மலையில் வாழ்ந்த அம்பாசமுத்திரம் வட்டத்தார் பின்னரே சேர்க்கப்பட்டனர். மனிதர்கள் யார் என்பதைப் பழைய சமஸ்தான எல்லைக்கோடு தீர்மானித்தது!

ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த குற்றாலத்துக்கு, வட்டமாக அமர்ந்து பேசும் மரபு புதிதல்ல. பளியரைப் பற்றி எழுதப்பட்டதைத் தமிழில் பெயர்த்து, அவர்கள் முன்னிலையில் வாசித்து, மறுப்பிருந்தால் அதையும் அவர்கள் பெயராலேயே அச்சிடுவது அப்படியொன்றும் பெரிய காரியமல்ல. அதன் பிறகும் அவர்கள் மௌனமாகவே இருக்கக்கூடும். அப்போதாவது அது அவர்களே தேர்ந்துகொண்ட மௌனமாக இருக்கும்.