டொயோட்டாவை முந்திய பிஒய்டி: சிங்கப்பூரில் வென்றது காரா, கணக்கா?

டோபி காட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சற்று நடந்தால், ஆர்ச்சர்ட் ரோட்டில் மலாயன் மோட்டார்ஸின் பழைய காட்சிக்கூடம் இன்னும் நிற்கிறது. 1920களில் பிரிட்டிஷ் கார்களை விற்ற கட்டடம் அது. பின்னர் ஜப்பானிய கார்கள் வந்து அந்தச் சந்தையைப் பிடித்தன. இப்போது சீன மின்கார்களின் முறை.

2023ல் சுமார் 1,400 கார்களை விற்ற பிஒய்டி, 2024ல் 6,191 கார்களை விற்று முதலிடம் பிடித்தது. டொயோட்டாவின் அதிகாரபூர்வ விற்பனை 5,700ஐச் சற்றே தாண்டியது. அவ்வாண்டு பதிவான புதிய கார்களில் மூன்றில் ஒன்று மின்கார்.

பேட்டரி தயாரிப்பாளராக 1995ல் ஷென்ஜென் நகரில் தொடங்கிய நிறுவனம் பிஒய்டி. மின்காரில் ஆகச் செலவு பிடிக்கும் பாகத்தைச் சொந்தமாகவே செய்வது அதற்குப் பெரிய பலம். ஆனால் சிங்கப்பூரில் கார் விலையைத் தீர்மானிப்பது தொழிற்சாலை மட்டுமல்ல, சிஓஇயும் வரியும்கூட.

சிஓஇ ‘ஏ’ பிரிவில் பெட்ரோல் கார்களுக்கு 1,600 சிசி, 97 கிலோவாட் என்பது வரம்பு. மின்கார்களுக்கு 2022 மே முதல் 110 கிலோவாட் வரை இடமுண்டு. பிஒய்டி என்ன செய்தது? 150 கிலோவாட் அட்டோ 3 காரின் திறனை 100 கிலோவாட்டாகக் குறைத்து, ‘ஏ’ பிரிவுக்குள் கொண்டு வந்தது. டெஸ்லாவும் பின்னர் 110 கிலோவாட் மாடல் 3ஐ இறக்கியது. அதற்கு மேல் 2024, 2025ல் மின்காருக்கு 40,000 வெள்ளி வரை சலுகை. சட்டத்தை ஊன்றிப் படித்தவர் வென்றார் என்றே சொல்லலாம்.

பாதிப்பு யாருக்கு? ‘ஏ’ பிரிவு, எளிய கார் வாங்குவோருக்காக வகுக்கப்பட்டது. 2025 அக்டோபரில் அதன் சிஓஇ 128,105 வெள்ளியைத் தொட்டது. சலுகை குறையுமுன் வாங்க மின்கார் வாடிக்கையாளர்கள் முண்டியடித்ததும் அதற்கு ஒரு காரணம். சிறிய பெட்ரோல் கார் போதும் என்றிருந்த குடும்பமும் அதே ஏலத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது.

தனியார் வாடகை கார் ஓட்டுநரின் கணக்கு வேறு. மின்னூட்டச் செலவு பெட்ரோலைவிடக் குறைவுதான். ஆனால் மின்னூட்டக் காத்திருக்கும் நேரம் வருமானமில்லாத நேரம். வீவக பேட்டைகளின் கார்நிறுத்துமிடங்களில் கருவிகள் வந்துவிட்டன. இரவு வீடு திரும்பும்போது அவற்றில் இடம் காலியாக இருக்க வேண்டுமே. பெட்ரோல் வரிக்கு ஈடாக மின்கார்களின் சாலை வரியில் ஆண்டுக்கு 700 வெள்ளி கூடுதலாகச் சேர்வதையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

டொயோட்டா ஹைப்ரிட் காரை விடாமல் பிடித்திருப்பது பழைமைவாதம் போலத் தெரியலாம். ஆனால் 2030 முதல் புதிதாகப் பதிவு செய்ய முடியாதவை, பெட்ரோலில் மட்டுமே ஓடும் கார்கள், ஹைப்ரிட்டுக்குத் தடையில்லை. மின்காருக்கான உச்சச் சலுகையோ 2026ல் 30,000 வெள்ளியாகக் குறைந்துள்ளது. அதில் 7,500 வெள்ளி வரையிலான ஒரு பகுதி ஆண்டு இறுதியில் முடிகிறது. சலுகை மெலிந்த பிறகும் பிஒய்டி இதே வேகத்தில் விற்குமா என்பதுதான் உண்மையான போட்டி.

இதற்கிடையே சின் மிங், ஊபி வட்டாரங்களின் சிறு பட்டறைகளுக்கு இன்ஜின் ஆயில் மாற்றும் வேலையை மின்கார் தருவதில்லை. இன்று சாலையில் இருக்கும் பெட்ரோல் கார்களின் பத்தாண்டு சிஓஇ முடியும்வரை அவர்களுக்கு வேலை உண்டு.