வேலை தெரியும், யூனிட் எழுதத்தான் தெரியாது

பிரித்தானியாவில் கெயார் ஹோம்களில் வேலை செய்யும் எங்கட ஆக்களில் பலர் லெவல் 2, லெவல் 3 டிப்ளோமாவில் சேருகிறார்கள். பாதியிலேயே விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். வேலை தெரியாமல் விடுவதில்லை. யூனிட் யூனிட்டாக எழுதிக் கொடுக்க நேரமும் ஆங்கிலமும் போதாமல் விடுகிறார்கள். "தம்பி, ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கோ, செய்வன். இந்த யூனிட்டை எழுதச் சொன்னால்தான் தலை இடிக்குது" என்று ஒரு அக்கா என்னிடம் சொன்னார். இந்தத் துறையில் மதிப்பீட்டாளராக வேலை செய்யும் எனக்கு அது புதிய முறைப்பாடு அல்ல.

என்.வி.கியூ. முறை 1980களில் வந்ததே, பரீட்சை எழுதத் தெரிந்தவரை அல்ல, வேலையைச் செய்து காட்டக்கூடியவரை அங்கீகரிக்கத்தான். 2015 ஒக்டோபரில் தகைமைக் கட்டமைப்பு மாறி, சான்றிதழ்களின் பெயர்களும் மாறிவிட்டன. ஆனால் வேலைத்தளத்தில் நேரில் பார்த்து மதிப்பிடுவதுதான் இன்றைக்கும் இதன் அடிப்படை. அப்படியிருக்க, ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனியாகப் பக்கம் பக்கமாக எழுத வைப்பது ஏன்?

மனிதர்களின் வேலை யூனிட்டாகப் பிரிந்து நடப்பதில்லை. காலையில் ஒரு முதியவரை எழுப்பிக் குளிக்க வைக்கும்போது என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். கதவைத் தட்டி அனுமதி கேட்பது மரியாதையும் சம்மதமும். அவர் விளங்கும்படி பேசுவது தொடர்பாடல். கையுறை, ஏப்ரன் மாற்றுவது தொற்றுத் தடுப்பு. ஹொய்ஸ்டைச் சரிபார்த்துத் தூக்குவது பாதுகாப்பு. கடைசியில் கெயார் பிளானில் பதிவது ஆவண வேலை. ஒரே ஒரு காலை வேலை, ஐந்து யூனிட்டுக்கான சான்று. இதைத்தான் ஒருங்கிணைந்த மதிப்பீடு என்கிறோம்.

ஆனால் இது தானாக நடக்காது, திட்டமிட வேண்டும். எந்த நாள், எந்த ஷிஃப்ட், எந்த வேலையைப் பார்ப்பது, அது எந்த யூனிட்டின் எந்த அளவுகோலுக்குப் பொருந்தும் என்று மதிப்பீட்டாளரும் படிப்பவரும் முதலே உட்கார்ந்து பேசவேண்டும். பராமரிக்கப்படுபவரிடமும் சம்மதம் கேட்கவேண்டும். குளிக்க வைப்பது போன்ற அந்தரங்கமான இடத்தில் மதிப்பீட்டாளர் போய் நிற்பது சரியில்லை. அங்கே தகுதியுள்ள ஒரு மூத்த ஊழியரின் சாட்சியத்தை எடுக்கலாம். துன்புறுத்தல் நடந்தால் என்ன செய்வீர்கள் என்பதை நேரில் பார்க்கக் காத்திருக்க முடியாது, அதைக் கேள்வி கேட்டுத்தான் அறியவேண்டும். இப்படி எல்லாம் சேர்ந்த பிறகு மிஞ்சும் இடைவெளிக்கு மட்டும் எழுத்து வேலை போதும்.

இது குறுக்குவழி என்று சிலர் சொல்லுவினம். இல்லை. சான்று பொருத்தமானதாக, அவருடையதாக, அண்மையதாக, போதுமானதாக இருக்கவேண்டும் என்ற விதி எதுவும் தளரவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டு எல்லாப் பெட்டியிலும் சரி போடுவது ஒருங்கிணைந்த மதிப்பீடு ஆகாது, அது ஏமாற்று. அந்தச் சான்றிதழை நம்பி நாளைக்கு ஒரு முதியவரின் உடம்பை ஒப்படைக்கப் போகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசுவோம். பல வீடுகளில் அம்மாவின் யூனிட்டை இரவிலே மகள்தான் எழுதிக் கொடுக்கிறாள். காசுக்கு எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையின் அன்பு விளங்குகிறது. ஆனால் அது அம்மாவின் சான்று அல்ல. பிடிபட்டால் சான்றிதழே இல்லாமல் போகலாம். அதைவிட மோசம், இருபது வருடம் நன்றாக வேலை செய்த ஒரு பெண், தனக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பத் தொடங்கிவிடுவது.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே, நீங்கள் செய்யக்கூடிய உதவி வேறு. அம்மாவோடு சேர்ந்து அந்தப் பயிற்சி நிலையத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மதிப்பீட்டுத் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதுவதற்குப் பதிலாக, பேசிப் பதிவு செய்யும் தொழில்சார் உரையாடலை எந்தெந்த யூனிட்டுக்கு ஏற்பீர்கள் என்று கேளுங்கள். முன்பு பெற்ற பயிற்சியையும் அனுபவத்தையும் கணக்கில் எடுக்க வழி உண்டா என்றும் கேளுங்கள். முடிவு சரியில்லை என்றால் மேன்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு.

பயிற்சி நிலையங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். திட்டமிட ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால், படிப்பவருக்கும் உங்களுக்கும் பல வாரங்கள் மிச்சம். எங்கட அக்காமாரும் அண்ணாமாரும் சலுகை கேட்கவில்லை. அவர்கள் செய்யும் வேலையை வந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.