மகளைக் கூப்பிட்டால் அப்பா பெயர்!



மேல்படிப்புக்காக லண்டன் போயிருக்கும் என் மகள் போன வாரம் போன் செய்தாள். "அம்மா, இங்கே பாங்குக்குப் போனாலும் டாக்டர்கிட்டே போனாலும் 'மிஸ்'ஸுன்னு சொல்லி அப்பா பேரைத்தான் கூப்பிடறாங்க. அப்பா வந்துட்டாரோன்னு திரும்பிப் பார்க்கிறேன்!" என்று சிரித்தாள். நான் இத்தனை வருஷமாய் வாயால் சொல்லாத பெயரை யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் சத்தமாய்க் கூப்பிடுகிறாளாம்! எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு மனசு கனத்தது. பாஸ்போர்ட் பாரத்தில் 'சர்நேம்' என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதச் சொன்னதே நான்தான்.

ஆங்கிலேயருக்கும் ஆதியில் ஒரே பெயர்தான். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாய் இரண்டாவது பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரே ஊரில் நாலு ஜான் இருந்தால் அடையாளம் வேண்டாமா? கொல்லுப்பட்டறை ஜான் 'ஸ்மித்', ரொட்டி சுடுகிற ஜான் 'பேக்கர்', குன்றோரத்து ஜான் 'ஹில்', ஜானின் மகன் 'ஜான்சன்'!

நம் நீலகிரியையே பாருங்களேன். எங்கள் பெர்ன்ஹில் 'பெரணிக் குன்று'. ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் குடும்பப் பெயர் அயர்லாந்துப் பெயர். 'கருவிழியன்' என்று பொருள் சொல்வார்கள். 1848-ல் தாவரவியல் பூங்கா அமைக்க வந்தவர் மெக்ஐவர். 'மெக்' என்றால் மகன், ஐவரின் மகன். குன்னூர் சிம்ஸ் பார்க்கில் உள்ள 'சிம்', சைமன் என்பதன் செல்லச் சுருக்கம். லேம்ப்ஸ் ராக்கின் 'லேம்ப்' ஆட்டுக்குட்டி. சாதுவானவருக்கு வைத்த பட்டப்பெயராம்! கோத்தகிரி கேத்தரின் அருவிக்கு மட்டும் ஒரு பெண்ணின் சொந்தப் பெயர். அங்கே காப்பி பயிரிட்ட காக்பர்ன் துரையின் மனைவி அவர்.

ஆனால் ஒரு வித்தியாசம். அவர்களுடைய இரண்டாவது பெயர் உறைந்துவிட்டது. இன்றைய ஜான்சனின் அப்பா ஜான் இல்லை. ஸ்மித் இரும்பு அடிப்பதில்லை. நம் இனிஷியலோ நிஜமான அப்பாவைச் சொல்லும். அடுத்த தலைமுறையில் மாறிவிடும். ஐஸ்லாந்திலும் இன்றுவரை நம் வழக்கம்தான். யோனின் மகள் 'யோன்ஸ்டோட்டிர்'. அங்கே ஜனாதிபதியைக்கூட சொந்தப் பெயரால்தான் அழைப்பார்களாம்!

ஆகவே சகோதரிகளே, பிள்ளைகளின் பாரத்தை அவசரத்தில் நிரப்பாதீர்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரும் எழுத்துக்கூட்டலும் ஒன்றாய் இருக்கட்டும். எந்தக் கட்டத்தில் எழுதும் பெயரால் வெளிநாட்டில் கூப்பிடுவார்கள் என்று முதலிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள்.

மகளிடம் சொன்னேன்: "அது உங்க அப்பா பேரு, என் பேரு இதுன்னு தைரியமாச் சொல்லு கண்ணு."

"சொல்லிட்டேம்மா. இப்ப ரெண்டு பேர் என் பேரைச் சரியாக் கூப்பிடறாங்க" என்றாள்.

இரண்டு பேர். ஆரம்பத்துக்கு அது போதும்!